இரண்டு லைன், ஒரு ரூட்டர்: ரூட்டிங் வழி லோட் பேலன்சிங் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்வொர்க் வேலையில் இருப்பதால் என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும்: "ரெண்டாவது இன்டர்நெட் லைன் வாங்கிப் போட்டாச்சு, ஆனால்..." என்று தொடங்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துப்போய் இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசும். அவசரமாக வந்தவர்கள் 3-ஆம் கேள்வியையாவது படித்துவிட்டுத் தாவுங்கள்.

1. ஸ்டாட்டிக் ரூட்டிங், டைனமிக் ரூட்டிங் – ரெண்டுக்கும் உண்மையிலேயே என்ன வித்தியாசம்?

ரூட்டர் செய்வது ஒரே வேலை. பாக்கெட் (தரவின் ஒரு சின்னத் துண்டு) வந்ததும் அது போக வேண்டிய முகவரியை ரூட்டிங் டேபிளில் தேடும், அங்கே எழுதியிருக்கும் அடுத்த ரூட்டரிடம் தள்ளிவிடும். அந்த டேபிளை யார் நிரப்புகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். நீங்கள் கையால் எழுதினால் ஸ்டாட்டிக். ரூட்டர்கள் தங்களுக்குள் பேசி நிரப்பிக்கொண்டால் டைனமிக். ஆர்ஐபி, ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்-ஐஎஸ், ஈஐஜிஆர்பி, பிஜிபி எல்லாம் அப்படிப் பேசிக்கொள்ளும் மொழிகள், அதாவது ப்ரோட்டோகால்கள். இவற்றில் பிஜிபி முக்கியமாக வெவ்வேறு நிறுவனங்களின் நெட்வொர்க்குகளுக்கு இடையே பேச.

டேபிள் நிரம்பிய பிறகு பாக்கெட் போகும் விதத்தில் இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. "டைனமிக் போட்டால் நெட் வேகமாகுமாமே" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏதாவது அறுந்தால், சேர்ந்தால், மாறினால் மட்டுமே இரண்டும் வேறுவேறாக நடந்துகொள்ளும்.

2. லோட் பேலன்சர் என்று தனிப் பெட்டி விற்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அந்தப் பெட்டி சர்வர்களுக்கு முன்னால் உட்காரும். எந்த சர்வர் உயிரோடு இருக்கிறது, எதில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்த்து வேலையைப் பங்கு போடும். வேண்டுமானால் வலைப்பக்கக் கோரிக்கையைப் பிரித்துப் படித்தும் முடிவெடுக்கும். ரூட்டிங்குக்கு அவ்வளவு அறிவு கிடையாது. ஒரே இடத்துக்குப் போக ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருந்தால் ட்ராஃபிக்கை அந்த வழிகளில் பிரித்துவிடும், அவ்வளவுதான். இந்தப் பக்கம் முழுக்க இரண்டாவது வகையைப் பற்றியது.

3. ரெண்டு 100 எம்பிபிஎஸ் லைன் இருக்கு. சேர்த்துவிட்டால் 200 வேகத்தில் டவுன்லோட் ஆகும்தானே?

ஆகாது. இந்தப் பக்கத்தின் மற்ற பதில்களில் முக்கால்வாசி இதிலிருந்துதான் கிளைக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரூட்டர் பிரிப்பது பாக்கெட்டுகளை அல்ல, ஃப்ளோக்களை. அனுப்புபவர் ஐபி (முகவரி), பெறுபவர் ஐபி, இரு பக்கத்துப் போர்ட் எண்கள் (ஒரே கணினியில் எந்த இணைப்பு என்று காட்டுபவை), டிசிபியா யுடிபியா (தரவை அனுப்பும் இரண்டு முறைகள்) என்பது ஆகிய ஐந்தும் ஒன்றாக உள்ள பாக்கெட்டுகள் எல்லாம் ஒரு ஃப்ளோ. ரூட்டர் இந்த ஐந்தையும் ஒரு ஹேஷ் கணக்கில் (எதைக் கொடுத்தாலும் ஓர் எண்ணாக்கித் தரும் கணக்கு) போடும், வரும் எண்ணைப் பார்த்து லைனைத் தேர்ந்தெடுக்கும். ஐந்தும் மாறாத வரை விடையும் மாறாது. அதனால் ஒரு ஃப்ளோ தொடங்கிய லைனிலேயே கடைசி வரை ஓடும்.

ஆகவே ஒரே ஃபைலை ஒரே இணைப்பில் இறக்கினால் 100-க்கு மேல் போகாது. ஐம்பது பேர் ஆளுக்கு ஒன்று இறக்கினால் மொத்தமாக 200-ஐ நெருங்கலாம். நெருங்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் ஹேஷுக்கு எந்த ஃப்ளோ பெரியது, எது சின்னது என்று தெரியாது. எண்ணிக்கையைத்தான் அது சமமாகப் பிரிக்கப் பார்க்கும், எடையை அல்ல. "லோட் பேலன்சிங்" என்ற பெயரே கொஞ்சம் பெருமையடிக்கிற பெயர் என்பது என் அபிப்பிராயம்.

4. அப்படியென்றால் ஒரு பாக்கெட் இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி அனுப்பினால் என்ன?

அனுப்பலாம். சில ரூட்டர்களில் அதற்கான வசதியும் உண்டு. சிக்கல் டிசிபியில் வருகிறது. பாக்கெட்டுகள் வரிசையாக வந்து சேர்கின்றனவா என்று பார்க்கும் முறை அது. இரண்டு லைனின் தாமதம் ஒருபோதும் துல்லியமாக ஒன்றாக இருக்காது. 7-ஆவது பாக்கெட் 5-ஆவதை முந்திக்கொண்டு போய்ச் சேரும். இப்படி வரிசை குலைந்தால், பெறுபவர் "எனக்கு 5 இன்னும் வரவில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லுவார். அப்படி மூன்று முறை கேட்டதும், பாக்கெட் தொலைந்துவிட்டது என்று அனுப்புபவர் முடிவுகட்டி, மறுபடி அனுப்புவதோடு வேகத்தையும் குறைத்துக்கொள்வார். புதிய டிசிபி செயலாக்கங்கள் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ஆனாலும் இரண்டு லைன் போட்டு ஒரு லைனை விடக் குறைந்த வேகம் கிடைத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

லினக்ஸும் இந்தப் பாடத்தைப் படித்தது. 3.6 பதிப்பில் பழைய ரூட்டிங் கேஷை (ஒருமுறை தேடிய வழியை நினைவில் வைக்கும் இடம்) எடுத்துவிட்டதும், பல வழி ரூட்டுகளில் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரிவது நடந்தது. 4.4-ல் ஹேஷ் முறைக்கு வந்தார்கள். 4.12-ல் போர்ட் எண்களையும் ஹேஷில் சேர்க்க வசதி கொடுத்தார்கள். அதை நீங்களாக இயக்கினால்தான் உண்டு. இல்லாவிட்டால் ஐபிவி4-ல் ஐபி ஜோடியை மட்டுமே பார்த்துப் பிரிக்கும்.

5. ஸ்டாட்டிக் ரூட்டை மட்டும் வைத்தே லோட் பேலன்ஸ் பண்ண முடியுமா?

முடியும். மூன்று விதமாகச் செய்கிறார்கள். ஒரே இடத்துக்கு, ஒரே மதிப்பில், வேறு வேறு கேட்வே (அந்த லைனில் அடுத்து உள்ள ரூட்டர்) காட்டி இரண்டு ஸ்டாட்டிக் ரூட் எழுதினால் பெரும்பாலான ரூட்டர்கள் இரண்டையும் டேபிளில் ஏற்றி 3-இல் சொன்ன ஹேஷ் முறையில் பிரிக்கும். ஈசிஎம்பி, அதாவது சம செலவுப் பல வழி, என்பது இதுதான்.

இரண்டாவது, முகவரிகளைக் கையால் பங்கு போடுவது. இணையம் முழுவதையும் 0.0.0.0/1, 128.0.0.0/1 என்று இரண்டாக வெட்டி ஒவ்வொரு பாதியை ஒரு லைனுக்குக் கொடுக்கலாம். (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், முகவரியின் முதல் எத்தனை பிட் பொருந்த வேண்டும் என்பது; அது பெரிதானால் தொகுதி சிறிது.) எழுதும்போது அழகாக இருக்கும், ஓடும்போது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மக்கள் பார்க்கும் தளங்கள் முகவரி வெளியில் சமமாகப் பரவிக் கிடக்கவில்லையே! மூன்றாவது, பெறுபவரைப் பார்க்காமல் அனுப்புபவரைப் பார்த்துப் பிரிப்பது: இந்த மாடியில் இருப்பவர்கள் முதல் லைன், அந்த மாடி இரண்டாவது லைன். இதைப் பாலிசி ரூட்டிங் என்பார்கள். சின்ன அலுவலகத்துக்கு எனக்குப் பிடித்தது இதுதான். ஏன் என்பது 12-இல் வரும்.

6. ஒரு லைன் செத்துப்போச்சு. ஆனால் ரூட்டர் இன்னும் அந்தப் பக்கமே அனுப்பிக்கொண்டிருக்கு. ஏன்?

ஸ்டாட்டிக் ரூட்டுக்குத் தெரிந்தது தன் பக்கத்துக் கேபிள் மட்டும். இன்டர்ஃபேஸ் (ரூட்டரில் கேபிள் செருகும் இடம்) இறங்கினால் ரூட் தானாகப் போய்விடும். ஆனால் உங்கள் ரூட்டருக்கும் சேவை நிறுவனத்துக்கும் நடுவே ஒரு மோடமோ ஸ்விட்சோ இருந்தால், அதற்கு அப்பால் என்ன அறுந்தாலும் உங்கள் பக்கத்து விளக்கு பச்சையாகவே எரியும். ஈசிஎம்பி போட்டிருந்தால் இன்னும் வேடிக்கை: பாதி ஃப்ளோக்கள் செத்த லைனுக்குள் போய் மறையும். "சில சைட் வருது, சில சைட் வரலை" என்ற புகார் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுங்கள்.

இதற்கு மருந்து, ரூட்டை ஒரு பிங் சோதனையோடு (ஒரு முகவரிக்குப் பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) கட்டிவைப்பது. பதில் நின்றால் ரூட்டை எடுத்துவிடச் சொல்லலாம். இங்கே நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஒரு இடத்தில் சேவை நிறுவனத்தின் கேட்வேயையே பிங் பண்ண வைத்தேன். கேட்வே நன்றாக இருந்தது, அதற்குப் பின்னால் அவர்களுடைய இணைப்பு அறுந்திருந்தது. ஒரு காலைப்பொழுது முழுக்கப் பாதிப் பேருக்கு நெட் இல்லை, என் திரையில் எல்லாம் பச்சை. அப்புறம் தூரத்தில் உள்ள இரண்டு முகவரிகளைச் சோதிக்கும்படி மாற்றினேன்.

அப்போது இன்னொரு பொறியும் புரிந்தது. சோதிக்கும் முகவரிக்குத் தனியாக ஒரு /32 ரூட் (அந்த ஒரே முகவரிக்கான ரூட்) எழுதி அந்த லைனோடு ஆணியடிக்க வேண்டும். இல்லாவிட்டால் லைன் செத்ததும் ரூட் போகும், உடனே பிங் மற்ற லைன் வழியாகச் சுற்றிப் போய்ப் பதில் கொண்டுவரும், ரூட் திரும்ப வரும், பிங் மறுபடி தோற்கும். இப்படி நாள் முழுக்க ஊஞ்சலாடும்.

7. பேக்கப் ரூட்டுக்கு டிஸ்டன்ஸ் 250 போடச் சொல்கிறார்கள். இதுவும் லோட் பேலன்சிங்தானா?

இல்லை, இது காத்திருப்பு. ஒரே இடத்துக்கு இரண்டு மூலங்களிலிருந்து ரூட் வந்தால் எதை நம்புவது என்பதற்கான எண்தான் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ். சிறிய எண் ஜெயிக்கும். சிஸ்கோவில் ஸ்டாட்டிக் 1, வெளி பிஜிபி (பிற நெட்வொர்க்கிடமிருந்து வந்தது) 20, ஓஎஸ்பிஎஃப் 110, ஆர்ஐபி 120, உள் பிஜிபி (சொந்த நெட்வொர்க்குக்குள் வந்தது) 200. ஜூனிப்பரில் எண்கள் வேறு: அங்கே ஸ்டாட்டிக் 5, உள் ஓஎஸ்பிஎஃப் 10, பிஜிபி 170. ஒரு கம்பெனிப் பெட்டியில் படித்த எண்ணை மற்றதில் போட்டு ஏமாறாதீர்கள். 250 போட்ட ஸ்டாட்டிக் ரூட், நல்ல ரூட் இருக்கும்வரை டேபிளுக்குள்ளேயே வராது. அது போனால் மட்டும் தலைகாட்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. டிஸ்டன்ஸ் ஒப்பீடு ஒரே நீளமுள்ள ப்ரிஃபிக்ஸ்களுக்கு (சாய்கோட்டோடு எழுதும் முகவரித் தொகுதிகளுக்கு) இடையில் மட்டும்தான். 10.1.0.0/16-க்கு டிஸ்டன்ஸ் 1 உள்ள ரூட்டும் 10.1.5.0/24-க்கு டிஸ்டன்ஸ் 200 உள்ள ரூட்டும் இருந்தால், 10.1.5.9-க்குப் போகும் பாக்கெட் /24 வழியாகத்தான் போகும். அதிக நீளமுள்ள ப்ரிஃபிக்ஸ் எப்போதும் முதலில் ஜெயிக்கும்.

8. ஓஎஸ்பிஎஃப் போட்டால் ரெண்டு லைனிலும் தானாகப் பிரித்துக்கொள்ளுமா?

இரண்டு வழியின் மொத்தச் செலவும் (பணமல்ல, ஒவ்வொரு லைனுக்கும் ரூட்டர் போடும் எண்) ஒன்றாக இருந்தால் பிரிக்கும். ஒரு எண் கூடினாலும் முழுவதும் குறைந்த செலவுள்ள வழியில் போகும், மற்றது சும்மா கிடக்கும்.

செலவு எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு பழைய கண்ணி இருக்கிறது. பல ரூட்டர்களில் இயல்பாக 100 எம்பிபிஎஸ்ஸை லைனின் வேகத்தால் வகுத்துச் செலவு போடுவார்கள். ஒன்றுக்குக் கீழே போக முடியாது. அதனால் 100 எம்பிபிஎஸ் லைனுக்கும் செலவு 1, 1 ஜிபிபிஎஸ்ஸுக்கும் 1, 10 ஜிபிபிஎஸ்ஸுக்கும் 1. பத்து ஜிபிபிஎஸ் லைனும் ஒரு பழைய நூறு எம்பிபிஎஸ் லைனும் இணையாக இருந்தால் ரூட்டர் இரண்டையும் சமம் என்று நினைத்துப் பாதி ஃப்ளோக்களை அந்த ஒற்றையடிப் பாதையில் தள்ளும். ரெஃபரன்ஸ் பேண்ட்வித் மதிப்பை (மேலே வகுபடும் அந்த 100 எம்பிபிஎஸ்) உங்களிடம் உள்ள அதிக வேகத்துக்கு மேலே, எல்லா ரூட்டரிலும் ஒரே மாதிரி மாற்றுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றுவது மாற்றாமல் இருப்பதைவிட மோசம்.

9. ஒரு லைன் 1 ஜிபிபிஎஸ், இன்னொன்று 200 எம்பிபிஎஸ். 5-க்கு 1 என்று பிரிக்க வழி உண்டா?

ஓஎஸ்பிஎஃப்பில் நேரடி வழி இல்லை. சமம் என்றால் சமமாகப் பிரிக்கும், இல்லையென்றால் பிரிக்காது. லினக்ஸில் ஸ்டாட்டிக் ரூட்டிலேயே ஒவ்வொரு கேட்வேக்கும் எடை கொடுக்கலாம்: 5, 1. பிஜிபியில் லைனின் வேகத்தைக் குறிப்பாகச் சேர்த்து அனுப்பி அதன்படி பிரிக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு.

டைனமிக் ப்ரோட்டோகால்களில் இதற்குப் பேர்போனது ஈஐஜிஆர்பி. வேரியன்ஸ் என்று ஓர் எண் கொடுத்தால், சிறந்த வழியின் செலவை அந்த எண்ணால் பெருக்கி, அதற்குக் கீழே உள்ள வழிகளையும் சேர்த்துக்கொள்ளும். "வேரியன்ஸ் 10 போட்டும் ரெண்டாவது லைன் சேரவில்லை" என்று அடிக்கடி கேட்கிறார்கள். இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. அந்த அண்டை ரூட்டர் தன்னிடமிருந்து இலக்குக்கு உள்ள தூரமாகச் சொல்வது, உங்களுடைய சிறந்த தூரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அவர் உங்கள் வழியாகவே சுற்றி வருகிறாரோ என்ற பயத்துக்கான காப்பு அது. எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் இந்த நிபந்தனை தளராது. எந்த முறையானாலும் 5:1 என்பது ஃப்ளோக்களின் எண்ணிக்கைதான், மெகாபிட் அல்ல. 3-ஐ நினைவில் வையுங்கள்.

10. டைனமிக் என்றால் நெரிசலைப் பார்த்துத் தானாக வேறு வழிக்கு மாறும் என்றுதானே அர்த்தம்?

பெயர் அப்படி நினைக்க வைக்கிறது. உண்மையில் ஓஎஸ்பிஎஃப்போ பிஜிபியோ லைன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. லைன் 99% நிரம்பித் திணறினாலும், ஹலோ பாக்கெட் ("உயிரோடு இருக்கிறேன்" என்று அண்டை ரூட்டர்கள் சொல்லிக்கொள்வது) போய்வரும் வரை அவற்றுக்கு அது நல்ல லைன்தான். ஈஐஜிஆர்பி செலவுக் கணக்கில் லோட் என்று ஓர் இடம் உண்டு, ஆனால் இயல்பாக அதன் பெருக்கெண் பூஜ்யம்.

இதைச் செய்யத் தெரியாமல் விட்டுவிடவில்லை, செய்து சுட்டுக்கொண்டபின் விட்டார்கள். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் முதலில் வரிசையில் காத்திருக்கும் பாக்கெட்டுகளின் எண்ணிக்கையே வழியின் செலவாக இருந்தது. 1979-ல் புதிய முறை வந்தது: ஒவ்வொரு லைனிலும் தாமதத்தை அளந்து, 10 விநாடிச் சராசரி எடுத்து, அதை எல்லாருக்கும் அறிவித்துக் குறைந்த தாமதப் பாதையைக் கணக்கிடுவது. கூட்டம் குறைவாக இருக்கும்வரை பிரமாதமாக ஓடியது. கூட்டம் ஏறியதும் ஆட்டம் தொடங்கியது. இரண்டு பகுதிகளை இரண்டு லைன்கள் இணைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் லைன் நிரம்புகிறது, தாமதம் கூடுகிறது, எல்லா ரூட்டர்களும் ஒரே நேரத்தில் இரண்டாவதுக்குப் பாய்கின்றன. இப்போது முதலாவது காலி, இரண்டாவது திணறுகிறது. அடுத்த அறிவிப்பில் எல்லாரும் திரும்ப முதலாவதுக்கு. ஒரு பக்கமே எல்லாரும் ஓடினால் படகு என்ன ஆகுமோ அதுதான் நடந்தது. 1987-ல் செலவு தாவிக் குதிக்காதபடி வரம்பு கட்டி, மெல்ல மட்டும் மாறும்படி திருத்தினார்கள்.

பின்னால் வந்த ப்ரோட்டோகால்கள் பெரும்பாலும் மனிதர் எழுதும் நிலையான செலவிலேயே நின்றுவிட்டன. நெரிசலைப் பார்த்துப் பங்கிட வேண்டும் என்றால் மொத்த நெட்வொர்க்கையும் மேலிருந்து பார்க்கும் ஒரு கட்டுப்பாட்டு மையம் வேண்டும். கூகுள் தன் தரவு மையங்களை இணைக்கும் பி4 நெட்வொர்க்கைப் பற்றி 2013-ல் வெளியிட்ட விவரம் அந்த வகை. இரண்டு லைன் வைத்திருப்பவர்களுக்கு அது தேவையில்லை.

11. சரி, லைன் அறுந்ததையாவது டைனமிக் உடனே கண்டுபிடித்துவிடுமா?

நேரடி கேபிள் அறுந்தால் உடனே தெரியும். 6-இல் சொன்னதுபோல் நடுவில் ஒரு பெட்டி இருந்தால், ஹலோ வராமல் பொறுமை தீரும்வரை காத்திருக்கும். ஓஎஸ்பிஎஃப்பில் வழக்கமான லைன்களில் 10 விநாடிக்கு ஒரு ஹலோ, 40 விநாடி வராவிட்டால் அண்டை ரூட்டர் இறந்ததாகக் கணக்கு. சிஸ்கோவின் பிஜிபியில் 60, 180. ஆர்ஐபியில் 30 விநாடிக்கு ஒருமுறை டேபிளை அனுப்பும், 180 விநாடி வரை நம்பிக்கொண்டிருக்கும். மூன்று நிமிடம் பாதி ஃப்ளோக்கள் குழிக்குள் போனால் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள்.

இதற்கென்றே 2010-ல் தரமானது பிஎஃப்டி. அதற்கு வேறு வேலையே இல்லை, "இருக்கிறாயா" என்று கேட்பது மட்டும்தான். 50 மில்லி விநாடிக்கு ஒன்று, மூன்று தவறினால் போயிற்று என்று வைத்தால் 150 மில்லி விநாடியில் ரூட் மாறும். பல பெட்டிகளில் ஸ்டாட்டிக் ரூட்டோடும் இதைக் கட்டலாம், எதிர்முனையும் பிஎஃப்டி பேச வேண்டும். ரேடியோ லிங்க் மாதிரி அடிக்கடி கண்சிமிட்டும் லைனில் இவ்வளவு இறுக்கமாக வைக்காதீர்கள்.

12. ரெண்டு கம்பெனி லைனைச் சேர்த்த பிறகு சில தளங்கள் அடிக்கடி லாகவுட் ஆகின்றன. ரூட்டரில் கோளாறா?

கோளாறு இல்லை. இரண்டு லைனிலும் நாட் (உள்ளே உள்ள கணினிகளின் ஐபியை லைனின் ஐபியாக மாற்றுவது) நடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் வேறு வெளி ஐபி. உலாவி ஒரே தளத்துக்குப் பல இணைப்புகள் திறக்கும். ஹேஷில் போர்ட் எண்ணும் இருந்தால் அவை இரண்டு லைனிலும் சிதறும். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு ஐபியிலிருந்து வருகிறாரே என்று வங்கித் தளம் போன்றவை சந்தேகப்பட்டு வெளியேற்றிவிடும்.

போர்ட்டை விட்டுவிட்டு ஐபி ஜோடியை மட்டும் ஹேஷில் வைத்தால் பெரும்பாலும் தீரும். தளம் பல சர்வர்களில் பரவியிருந்தால் அதுவும் போதாது. அனுப்புபவர் ஐபியை மட்டும் பார்த்துப் பிரிப்பதுதான் உறுதியான வழி. 5-இல் மாடிவாரியாகப் பிரிப்பது எனக்குப் பிடிக்கும் என்றேனே, காரணம் இதுதான். பங்கீடு கொஞ்சம் கோணலாகும், புகார் வராது.

13. பாக்கெட் ஒரு லைனில் போய் இன்னொரு லைனில் திரும்பி வருகிறது. இது தப்பா?

ரூட்டிங் பார்வையில் தப்பே இல்லை, இணையத்தில் இது தினசரி நடப்பு. ஒவ்வொரு ரூட்டரும் தன் முடிவைத் தானே எடுக்கிறது, போன வழியே வர வேண்டும் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

தடுமாறுவது நடுவில் நிலை (எந்த இணைப்பு திறந்திருக்கிறது என்ற குறிப்பு) வைத்திருக்கும் பெட்டிகள். போன இணைப்பை ஒரு ஃபயர்வால் பார்த்தது, பதில் இன்னொரு ஃபயர்வாலுக்கு வருகிறது. "இப்படி ஒரு இணைப்பு தொடங்கியதே எனக்குத் தெரியாதே" என்று அது தூக்கிப் போட்டுவிடும். இரண்டு ஃபயர்வால்களும் நிலையைப் பகிர வேண்டும், அல்லது இரண்டு திசையும் ஒரே பெட்டி வழியாகப் போகும்படி ரூட்டை அமைக்க வேண்டும். லினக்ஸ் ரூட்டரில் ஆர்பி ஃபில்டர் என்ற சோதனையையும் பாருங்கள். கண்டிப்பான நிலையில், வந்த முகவரிக்குத் திரும்பிப் போகும் வழி அதே இன்டர்ஃபேஸில் இல்லாவிட்டால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். இரண்டு லைன் உள்ள இடத்தில் அதைத் தளர்வான நிலைக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

14. வெளியே போவதைப் பிரித்துவிட்டேன். உள்ளே வருவதை எப்படிப் பிரிப்பது?

நாட் வைத்திருந்தால் அதுவே பிரிந்துவிடும். எந்த லைனின் ஐபியைப் போட்டுக் கேட்டீர்களோ அந்த லைனுக்குத்தான் பதில் வரும். வெளியே போகும் சின்னக் கோரிக்கையைப் பங்கிட்டால், உள்ளே வரும் பெரிய டவுன்லோடும் பங்காகிறது.

சொந்த முகவரித் தொகுதியும் பிஜிபியும் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. உள்ளே வரும் வழியைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல, எதிரே இருப்பவர்கள். நீங்கள் தூண்ட மட்டுமே முடியும். ஒரு லைனில் உங்கள் ஏஎஸ் எண்ணை (பிஜிபியில் உங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்) இரண்டு மூன்று முறை சேர்த்து அறிவித்துப் பாதையை நீளமாகக் காட்டலாம். ஆனால் அந்தச் சேவை நிறுவனமே தன் வாடிக்கையாளரின் ரூட்டை மற்ற ரூட்டுகளுக்கு மேலாக வைத்திருப்பது வழக்கம். அதனால் எத்தனை முறை சேர்த்தாலும் அவர்களிடமிருந்து வருவது அசையாது. அவர்கள் தரும் கம்யூனிட்டி குறிகளை (ரூட்டோடு ஒட்டி அனுப்பும் அடையாளங்கள்) வைத்து "என் ரூட்டைக் கீழே இறக்கு" என்று சொல்ல வேண்டியிருக்கும்.

கடைசி ஆயுதம் தொகுதியை வெட்டுவது. /23 வைத்திருந்தால் ஒரு /24-ஐ இந்த லைனிலும் மற்றதை அந்த லைனிலும் அறிவித்து, முழு /23-ஐ இரண்டிலும் அறிவிக்கலாம். 7-இல் சொன்ன நீள ப்ரிஃபிக்ஸ் விதியால் பங்கு பிரியும், ஒன்று அறுந்தால் /23 காப்பாற்றும். ஐபிவி4-ல் /24-ஐ விடச் சிறிய துண்டாக வெட்டினால் பெரும்பாலான நெட்வொர்க்குகள் ஏற்காது.

15. பிஜிபி போட்டாச்சு, ரெண்டு பக்கமும் ரூட் வருகிறது. ஆனால் எல்லாம் ஒரே லிங்க்கில்தான் வெளியே போகிறது?

பிஜிபியின் சுபாவமே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. எல்லாம் சமமாக இருந்தாலும் எந்த ரூட் பழையது, யாருடைய ரூட்டர் ஐடி சிறியது என்றெல்லாம் தேடிப் போய் ஒருவரை ஜெயிக்க வைக்கும். மல்டிபாத் (பல வழி) வசதியைத் தனியாக இயக்க வேண்டும். இயக்கினாலும் பல பெட்டிகள் ஏஎஸ் பாதை (வழியில் உள்ள நெட்வொர்க்குகளின் ஏஎஸ் எண் வரிசை) ஒன்றாக இருந்தால்தான் சேர்த்துக்கொள்ளும். இரண்டு லைனும் வேறு வேறு நிறுவனம் என்றால் பாதை எப்படி ஒன்றாக இருக்கும்? நீளம் மட்டும் பொருந்தினால் போதும் என்று தளர்த்தும் இன்னொரு அமைப்பையும் சேர்த்துப் போடுங்கள்.

16. ஒரு லிங்க் 90%, இன்னொன்று 20%. ஹேஷ் கெட்டுப்போய்விட்டதா?

ஹேஷ் கெடுவது அபூர்வம். பெரும்பாலும் உள்ளே போகும் சரக்குதான் காரணம். ராத்திரி பேக்கப் மாதிரி ஒரு யானை ஃப்ளோ ஓடினால் அது விழுந்த லிங்க் நிரம்பும். அடுத்து டனல்கள், அதாவது பல இணைப்புகளை ஒரே உறைக்குள் போட்டு அனுப்புவது. ஐபிசெக் அல்லது ஜிஆர்இ டனலுக்குள் ஆயிரம் பேர் பேசினாலும் வெளியே இருக்கும் ரூட்டருக்கு இரண்டு ஐபிக்கு இடையிலான ஒரே ஃப்ளோவாகத்தான் தெரியும். விஎக்ஸ்லான் என்ற டனல் முறை இதை யோசித்துச் செய்தது: உள்ளே உள்ள ஃப்ளோவின் ஹேஷை வெளி யுடிபியின் புறப்படும் போர்ட் எண்ணாகப் போடும், அதனால் நன்றாகப் பரவும்.

மூன்றாவது காரணம் கண்டுபிடிக்கக் கஷ்டமானது. இரண்டு அடுக்கு ரூட்டர்கள், எல்லாவற்றிலும் ஒரே ஹேஷ் கணக்கு. முதல் அடுக்கு இரட்டைப்படை விடைகளை இடப்பக்கம் அனுப்புகிறது. இடப்பக்க ரூட்டருக்கு வருவதெல்லாம் இரட்டைப்படை. அதுவும் அதே கணக்கைப் போட்டால் எல்லாம் மறுபடி இரட்டைப்படைதான், அதன் இரண்டாவது லிங்க் காலியாகவே கிடக்கும். இதைப் போலரைசேஷன் என்பார்கள். ஒவ்வொரு ரூட்டருக்கும் ஹேஷின் தொடக்க எண்ணை வேறாக்கினால் தீரும்.

17. ஈசிஎம்பிக்குப் பின்னால் சர்வர்கள் வைத்திருக்கிறோம். ஒன்றைச் சேர்த்தால் சம்பந்தமில்லாத இணைப்புகளும் அறுகின்றன. ஏன்?

சர்வர்கள் எல்லாம் ஒரே முகவரியைப் பிஜிபியில் அறிவித்து, ரூட்டர் அவற்றுக்கு இடையே பிரிப்பது இன்று பரவலான முறை. ஹேஷை வழிகளின் எண்ணிக்கையால் வகுத்து மீதியைப் பார்ப்பதாக இருந்தால், நான்கு ஐந்தாகும்போது 80% ஃப்ளோக்கள் இடம் மாறிவிடும். புது சர்வருக்கு அந்த டிசிபி இணைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, ரீசெட் (இணைப்பை முறிக்கும் பாக்கெட்) அனுப்பிவிடும். ஹேஷ் வெளியைப் பட்டைகளாகப் பிரிக்கும் முறையில் கால்வாசியிலிருந்து பாதி வரை மாறும் என்று 2000-ல் வந்த ஆர்எஃப்சி 2992 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் கணக்கிட்டுக் காட்டுகிறது.

ரெசிலியன்ட் ஹேஷிங் உள்ள பெட்டிகளில் ஒரு சர்வர் போனால் அதன் ஃப்ளோக்கள் மட்டும் இடம் மாறும். சேர்க்கும்போது கொஞ்சம் சேதம் இருக்கும். அதையும் தாங்க முடியாவிட்டால் ரூட்டருக்குப் பின்னால் 2-இல் சொன்ன லோட் பேலன்சர் வைத்தே ஆக வேண்டும்.

18. பிங் நன்றாகப் போகிறது. ட்ரேஸ்ரூட் குழப்பமாக இருக்கிறது. சில பேருக்கு மட்டும் தளம் திறக்கவில்லை. எங்கே தேடுவது?

உங்கள் பிங் எப்போதும் ஒரே ஐபி ஜோடி, போர்ட்டும் இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே லிங்க்கில்தான் போகும். அந்த லிங்க் நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது. பழைய ட்ரேஸ்ரூட்டில் (பாக்கெட் போகும் வழியில் உள்ள ரூட்டர்களைக் காட்டும் கருவி) நிலைமை தலைகீழ். ஒவ்வொரு யுடிபி பாக்கெட்டுக்கும் போர்ட் எண்ணை மாற்றுவதால் ஒவ்வொன்றும் வேறு வழியில் போய், இல்லாத பாதையை ஒட்டுப்போட்டுக் காட்டும். இதைத் தவிர்க்கவே 2006-ல் பாரிஸ் ட்ரேஸ்ரூட் வந்தது. அது ஃப்ளோ அடையாளத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு அனுப்பும்.

வேலைக்கு ஆகும் சோதனை: புறப்படும் போர்ட்டை ஒவ்வொரு முறையும் மாற்றி இருபது முப்பது டிசிபி இணைப்புகள் திறந்து பாருங்கள். பாதி தோற்றால் இரண்டில் ஒரு லிங்க், கால்வாசி தோற்றால் நான்கில் ஒரு லிங்க்.

19. ஸ்டாட்டிக்கையும் டைனமிக்கையும் கலந்து வைக்கலாமா? ஒன்றுதான் இருக்க வேண்டும் என்கிறார்களே?

கலப்பதுதான் நடைமுறை. வெளியே போகும் விளிம்பில் பிங் சோதனையோடு கட்டிய ஸ்டாட்டிக் டீஃபால்ட் ரூட் (வேறு ரூட் இல்லாத முகவரிகளுக்கெல்லாம் ஆனது), உள்ளே ஓஎஸ்பிஎஃப். விளிம்பு ரூட்டர்கள் இரண்டும் "என்னிடம் டீஃபால்ட் இருக்கிறது" என்று உள்ளே அறிவிக்கும், உள் ரூட்டர்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளும். ஸ்டாட்டிக் விழுந்தால் அறிவிப்பும் நிற்க வேண்டும். "டீஃபால்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் அறிவி" என்ற அமைப்பைப் போட்டுவிட்டு, செத்த விளிம்புக்குப் பாதி ட்ராஃபிக் போவதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தவர்கள் நிறைய.

20. ரெண்டு லைனும் சராசரியாக 60%-இல் ஓடுகிறது. அருமையாகப் பங்கிட்டிருக்கிறோம் இல்லையா?

பங்கீடு அருமை. ஒன்று அறுந்தால் மற்றதன் மேல் 120% வந்து விழும். இரண்டும் 50%-க்குள் இருந்தால்தான் ஒன்று மற்றொன்றுக்குப் பேக்கப். மேலே போய்விட்டால் அறுந்த நேரத்தில் எதை வெட்டிவிடலாம், எதை விடக் கூடாது என்று முன்கூட்டியே வரிசை எழுதி ரூட்டரில் க்யூ அமைத்துவிடுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், உச்ச நேரத்தைப் பாருங்கள். சோதிக்கும்போது உங்கள் ரூட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்காதீர்கள், அதை எந்த ஸ்டாட்டிக் ரூட்டும் கண்டுபிடித்துவிடும். மோடத்துக்கு அந்தப் பக்கத்தில் பிடுங்குங்கள்.